உறங்கப் போகும் இயந்திரம்

உழவு முடிந்ததும் கலப்பையைக் கழுவி, கொழுவைத் துடைத்து எண்ணெய் பூசி, வீட்டுக் கோடியிலே சார்த்தி வைக்கும் வழக்கம் நமது கமக்காரரிடையே நெடுங்காலமாக இருந்து வந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளத்தைக் கரையேற்றிக் கிடுகால் மூடிவைத்த மீனவர் செய்ததும் அத்தகையதே. ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்கு ஓர் அறிவு வேண்டும். அதனைப் பயன்படுத்தாது வைத்திருப்பதற்கு வேறோர் அறிவு வேண்டும். முன்னையதைப் பாடசாலைகளும் பட்டறைகளும் கற்பித்துவிடுகின்றன. பின்னையதைப் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்களின் கைகளைப் பார்த்தே நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடுங்குளிர் நிலவும் தேசங்களில் இந்த இரண்டாவது அறிவின்றிக் குடும்பம் நடத்துதல் இயலாது. 2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் கனடாவிலுள்ள என் தமக்கையாரின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது இதனைக் கண்ணாரக் கண்டேன். ரொறன்ரோ நகருக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரியின் வடகரையை அடுத்த ஏஜாக்ஸ் என்னும் ஊரில் அவர்கள் வசிக்கின்றனர். நான் போய்ச் சேர்ந்தபோது மரங்களெல்லாம் செம்மையும் மஞ்சளுமாய் இருந்தன. இரண்டு வாரங்களில் அவ்விலைகள் யாவும் உதிர்ந்து தெருவோரங்களிற் குவிந்தன. அயலவர் ஒவ்வொருவரும் ஏதேனுமொரு பொருளை உறங்க வைப்பதில் ஈடுபட்டிருந்தனர். ஒருவர் தோட்டத்து நீர்க்குழாயை வடித்துச் சுருட்டினார். ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்தார். என் மருமகனோ, வீட்டோடு சேர்ந்த கராஜிலே தன் மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அது நம் தெருக்களில் ஓடும் வகையைச் சேர்ந்ததன்று. ‘டேர்ட் பைக்’ என்று அங்கே அழைக்கப்படுவது. காட்டுப் பாதையிலும் மணலிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்டது. உயர்ந்த சட்டமும், பல் போன்ற கட்டைகள் நிறைந்த ரயர்களும், நீண்டு அமுங்கும் முன்கவர்களும் உடையது. மருமகனுடையது 250 சீ.சீ. நாலடிப்பு எஞ்சின் பொருத்திய பழைய யமஹா. இருபது வயதுப் பையன், இரண்டு கோடை விடுமுறைகளில் ஒரு பண்டசாலையிலே வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியது. அதனை வாங்கிய நாள்தொட்டுத் தமக்கையாருக்கு அதன்மேல் விருப்பமில்லை. “அது இந்த வீட்டுக்குள்ளே ஒரு கிறுக்குக் குதிரை” என்பது அவர் வாக்கு. அதை விற்றுவிடும்படி பையனுக்குச் சொல்லவேண்டும் என்று என்னிடமும் இரகசியமாகக் கேட்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. அவன் வேலையைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை.

ஓடாது நிற்கும் இயந்திரம் தேயாது என்று நாம் எண்ணுகிறோம். ஓடும் இயந்திரம் தேய்கிறது. நிற்கும் இயந்திரம் அரிக்கப்படுகிறது. தேய்வு மெல்ல வருவது, ஓசையால் தன்னை அறிவிப்பது. அரிப்போ ஓசையின்றி வருவது. இரசாயனம் கற்பிக்கும் எனக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், கரும்பலகையில் நான் எழுதும் சமன்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் மாற்று மருந்தாக ஒரு பையனின் கை வேலை செய்வதைக் கண்டபோது, பாடமே புதிதாகத் தோன்றியது.

முதலிலே கழுவினான். சேறு தன்னுள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈரமுள்ள சேறு படிந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியமும் வெண்பொடி பூக்கும். ஆதலின் சில்லுக் கம்பிகளின் அடியிலும் எஞ்சினின் அடித்தகட்டிலும் ஒட்டியிருந்த மண்ணை மரக்குச்சியாற் சுரண்டி எடுத்தான். வேகமாக நீர் பீச்சும் கருவி வீட்டில் இருந்தும், அதனைச் சில்லின் நடுப்பாகத்துக்குப் பயன்படுத்தவில்லை. பெயாரிங்குகளைக் காக்கும் இறப்பர் விளிம்புகளைத் தாண்டி நீர் உட்புகுந்தால் உள்ளிருக்கும் கிறீஸ் கெட்டுவிடும் என்றான். கழுவியபின் துணியால் ஒற்றி, வெயிலில் அரை நாள் நிறுத்தினான். செயினைத் துலக்கி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒயில் ஊறும்படி செய்தான்.

அடுத்து எஞ்சின் ஒயில். பழைய ஒயில் கறுத்திருந்ததேயன்றிக் கெட்டதாகத் தோன்றவில்லை. வசந்தத்திலே மாற்றினாற் போதாதா என்று கேட்டேன். “இல்லை மாமா, பழசுக்குள்ளே அசிட் இருக்கு. அதை ஆறு மாசம் உள்ளுக்கு விடக்கூடாது” என்றான். அவன் சொன்னது சரியே. பெற்றோல் எரியும்போது உண்டாகும் கழிவுகளிற் சிறுபகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயிலோடு கலக்கிறது. அவற்றில் நீரும் உண்டு, அமிலங்களும் உண்டு. ஓடும் எஞ்சினில் ஒயில் ஓரிடத்தில் நில்லாது சுழல்கிறது. நின்ற எஞ்சினிலோ அவ்வமிலம் ஒரே இடத்தைப் பல மாதம் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, புதிய ஒயிலை வார்த்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அது எல்லா இடங்களுக்கும் சென்று படியும்படி செய்து வைப்பதே முறை.

பெற்றோலின் கதை இன்னும் சுவையானது. பெற்றோல் ஒரே பொருளன்று. பல ஐதரோகாபன்களின் கூட்டு. அவற்றுள் எளிதில் ஆவியாகுபவை முதலிலே பறந்துவிடும். எஞ்சியவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காலப்போக்கில் பிசினாக மாறும். கனடாவில் விற்கப்படும் பெற்றோலிற் பெரும்பாலும் எதனோலும் கலந்திருப்பதால், அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். காபரேற்றரிலே எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் செல்லும் துளை, குறுக்களவில் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்தது. ஒரு துளிப் பிசின் அதை அடைத்துவிடப் போதும். வசந்தத்தில் எத்தனை முறை உதைத்தாலும் எஞ்சின் இயங்காதிருப்பதற்குப் பல வேளைகளில் இச்சிறு துளையே காரணம்.

இதற்காக அவன் செய்தது மூன்று காரியம். தாங்கியை நிறையப் புதுப் பெற்றோலால் நிரப்பி, பெற்றோல் பழுதடைவதைத் தாமதப்படுத்தும் திரவமொன்றை அளந்து கலந்தான். பின்னர் வண்டியை முற்றத்துக்கு உருட்டிச் சென்று, கலந்த பெற்றோல் காபரேற்றர் வரை செல்லும்வண்ணம் பத்து நிமிடம் ஓடவிட்டான். கடைசியாக, பெற்றோல் வாயிலை மூடி, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் எஞ்சியதைச் சிறு திருகாணி வழியே வடித்தெடுத்தான். முற்றத்துக்குக் கொண்டுசென்றதன் காரணத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அடைத்த கராஜிலே எஞ்சினை ஓடவிட்டால் அதிலிருந்து வெளிப்படும் காபனோரொட்சைட்டு உயிரையே குடித்துவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிருக்கு அஞ்சிக் கதவை மூடி எஞ்சினை ஓடவிட்டு மாண்டவர்கள் குளிர்நாடுகளில் உண்டு.

எஞ்சினைச் சுற்றிவரும் குளிர்த்தும் நீர் அடுத்தது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு நூற்றுக்கு 9 பங்கு பெருகும். அப்பெருக்கத்துக்கு இடம் கொடாத பாத்திரம் எத்துணை உறுதியானதாயினும் வெடிக்கும். வார்ப்பு அலுமினியமும் அதற்கு விலக்கன்று. எதிலீன் கிளைக்கோலும் நீரும் சரிபாதியாகக் கலந்த கலவை, பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை சென்ரிகிறேட் வரை உறையாது. கோடையில் வெறும் நீரை மேலும் மேலும் சேர்த்துக் கலவையைத் தளர்த்தியிருந்தால் இப்பாதுகாப்புக் குறைந்துவிடும். ஆதலின் சிறு மானியொன்றில் உறிஞ்சி அதன் அடர்த்தியைச் சோதித்தான். அத்திரவம் நஞ்சு, சுவையோ இனிப்பு. தரையிற் சிந்திய இரண்டு துளியை, அயல்வீட்டு நாய் நக்காதபடி உடனே துடைத்ததையும் கண்டேன்.

பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தான். அங்கும் ஒரு பாடம் இருந்தது. நன்கு ஏற்றம் பெற்ற ஈயப் பற்றரியிலுள்ள சல்பூரிக்கமிலக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகையிலும் உறைவதில்லை. ஏற்றம் இழந்ததிலோ அமிலத்தின் பெரும்பகுதி தகடுகளிற் சேர்ந்துவிடுவதால், எஞ்சிய கரைசல் தண்ணீரை ஒத்ததாகி, பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து பற்றரியைப் பிளந்துவிடும். ஒரே பெட்டி, ஒரே திரவம். உள்ளே சக்தி இருக்கும்வரை குளிர் அதனை ஒன்றும் செய்வதில்லை.

எஞ்சினின் உட்புறத்துக்குச் செய்த காப்பைத்தான் நான் மிகக் கூர்ந்து நோக்கினேன். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு கரண்டி ஒயிலை விட்டான். உதைக்கும் காம்பைக் கையால் மெதுவாகச் சிலமுறை அழுத்தி, சிலிண்டர்ச் சுவரெங்கும் ஒயில் படலமாகப் படியச் செய்தான். பிளக்கை மீண்டும் பூட்டியபின், காம்பு இறுகித் தடுக்கும் நிலையைத் தேடி அங்கே நிறுத்தினான். அந்நிலையில் உள்வாயிலும் வெளிவாயிலும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருக்குள் நுழைய வழியில்லை.

எஞ்சியவை சிறு காரியங்கள். காற்று வடியின் பஞ்சைக் கழுவி ஒயில் தோய்த்தான். குளிர் தொடங்கியதும் காட்டெலிகள் சூடான இடம் தேடி வருமாம். அவற்றுக்குக் காற்றுப் பெட்டியும் புகைக்குழாயும் மாளிகைகள். அவ்விரண்டின் வாய்களையும் துணியால் அடைத்தான். அடைத்ததை வசந்தத்தில் மறந்துவிடாதபடி கைபிடியிலே சிவப்பு நாடாவொன்றைக் கட்டினான். ரயர்கள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாதிருக்க வண்டியைத் தாங்கியின் மேல் ஏற்றினான். பொலித்தீன் விரிப்பு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும் என்பதால், காற்றுப் புகும் பழைய பருத்தி விரிப்பொன்றைத் தாயாரிடம் கேட்டு வாங்கிப் போர்த்தினான். இறுதியாக ஒரு கடதாசியில் எட்டு வரிகள் எழுதி அதன்மேற் குத்திவைத்தான். வசந்தத்தில் என்னென்ன அவிழ்க்கவேண்டும், எதனை எதன்பின் செய்யவேண்டும் என்ற குறிப்பு அது. தலைப்பில் ‘ஏப்ரல் 15’ என்ற திகதி.

“இடையிலே ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பதில்லையா?” என்று கேட்டேன். “கூடாது மாமா. ரெண்டு நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டினால், உள்ளுக்குத் தண்ணி தான் மிச்சம். வடிவாச் சூடாக்கி ஓடவேணும், இல்லாட்டித் தொடவே கூடாது” என்றான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகும் என்பது, பெற்றோலிலுள்ள ஐதரசனைக் கணக்கிட்டால் மாணவரும் கண்டுகொள்ளக்கூடிய உண்மை. சூடேறிய எஞ்சின் அந்நீரை ஆவியாக வெளியேற்றிவிடும். குளிர்ந்த எஞ்சினிலோ அது உள்ளேயே ஒடுங்கித் துளிகளாகத் தங்கும். அன்பினாலே செய்யும் காரியமும் அரைகுறையாயின் தீங்காகும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

குளிர்காலத்திலும் உறங்கவிடாது ஓட்டுபவர்கள் இல்லாமலில்லை. உறைந்த ஏரிகளின் மேல், ஆணி பதித்த ரயர்களைப் பூட்டிப் பந்தயம் ஓடுவோர் கனடாவில் உண்டு. அவர்கள் குளிரிலே தடிக்காத மெல்லிய ஒயிலைத் தேர்வார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலால், காபரேற்றர் வழியே செல்லும் பெற்றோலின் அளவைச் சிறிது கூட்டிக்கொள்வார்கள். ஜேர்மனியிலோ 1956 இல் தொடங்கப்பட்ட ‘யானைகளின் சந்திப்பு’ என்ற நடுக்குளிர்காலக் கூட்டத்துக்கு மோட்டார் சைக்கிளிற் சென்று பனியின்மேற் கூடாரமடித்துத் தங்குவோர் பலர். ‘பச்சை யானை’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட சுந்தாப் மோட்டார் சைக்கிளால் வந்த பெயர் அது. ஆயினும் இவர்கள் சிலரே. பெரும்பாலோருடைய வண்டிகள் பங்குனி சித்திரை வரை கராஜிலேயே கிடக்கும்.

பிளக் துளையிலே பையன் ஒயில் விட்டுக்கொண்டிருந்தபோது தமக்கையார் தேநீருடன் வந்து வாயிலில் நின்றார். கரண்டியைக் கண்டதும் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “தம்பி, அப்பாவும் இப்பிடித்தானே செய்தவர்” என்றார்.

அக்காட்சி எனக்கும் நினைவிருந்தது. எங்கள் தந்தையார் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் முகாமையாளராயிருந்தவர். அவரிடம் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. அதனாற் சிறு போத்தலில் காத்துவைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு, எஞ்சினை உதைத்துச் சூடாக்கி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை தெருவை மூடும். பிளக் நாள்தோறும் கரிபிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். அவ்வாறே அந்த வண்டி ஐந்தாண்டு உழைத்தது.

1995 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. விளக்குக்கு வேண்டும், எங்கள் இருவருடைய படிப்புக்கு வேண்டும். ஆவணி மாதத்தில் ஒரு நாள் தந்தையார் வண்டியைக் கொட்டிலுக்குள் உருட்டிச் சென்றார். தாங்கியில் இருந்ததை விளக்குக்கென வடித்தார். பிளக்கைக் கழற்றி, சமையலறையிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் எஞ்சின் ஒயிலை விட்டு, உதைக்கும் காம்பைக் கையால் அழுத்தினார். அம்மா அக்கரண்டியைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். சில்லுகளின் கீழே கற்களை அடுக்கி, சாக்கினால் மூடி, சுவரிலே கரித்துண்டினால் ‘3.8.95’ என்று எழுதினார். அதன் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் கீழ் ஒன்றும் எழுதாது விட்டார்.

அவ்வாண்டு ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்களோடு மக்களாக நாங்களும் தென்மராட்சிக்குப் புறப்பட்டோம். இரண்டு சைக்கிள்களில் ஏற்றக்கூடியதை ஏற்றினோம். மழை பெய்தது. கொட்டிலின் கதவைத் தந்தையார் சாத்திவிட்டு வந்தார், பூட்டவில்லை. பூட்டினாற் பூட்டுடைப்பதற்காகக் கதவையே உடைப்பார்கள் என்றார்.

மறு ஆண்டு வைகாசியில் திரும்பினோம். எங்கள் ஒழுங்கையிலே திரும்பி வராத வீடுகளும் இருந்தன. கொட்டிலின் கூரை ஒரு பக்கம் விழுந்து, ஒரு மாரி முழுவதும் மழை உள்ளே இறங்கியிருந்தது. சாக்கு உக்கிப்போயிருந்தது. இருக்கையை எலி கடித்திருந்தது. சில்லுக் கம்பிகள் துருவேறி, செயின் ஒரே இரும்புத் தடிபோல் இறுகிக் கிடந்தது. தந்தையார் பிளக்கைக் கழற்றி மீண்டும் சிறிது ஒயில் விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். மறுநாட் காலை காம்பின்மேற் கையை வைத்து அழுத்தினார். அது இறங்கியது.

“உள்ளுக்குப் பழுதில்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கரித்துண்டொன்றைத் தேடியெடுத்து, சுவரிலிருந்த கோட்டின் கீழே அன்றைய திகதியை எழுதினார். பின்பு பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் அவ்வண்டி ஓடியது. அவர் ஓய்வுபெறும்வரை ஓடியது.

இக்கதையை மருமகன் முன்னர் கேட்டதில்லை. நாங்கள் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய கதைகள் வேறு பல இருந்தமையால், ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி யார் சொல்வார்? அவன் கையைத் துடைத்துக்கொண்டே, “அம்மப்பாவுக்குத் திருப்பி எப்ப எடுக்கலாம் எண்டு தெரியுமே?” என்று கேட்டான்.

“தெரியாது” என்றேன்.

“அப்ப ஏன் இவ்வளவும் செய்தவர்?”

பதில் சொன்னவர் தமக்கையார். “எடுக்கிற அண்டைக்கு ஓடவேணும் எண்டுதான்” என்றார்.

அவன் ஒன்றும் பேசாமல் பிளக்கைப் பூட்டினான். வண்டியை விற்கும் பேச்சைத் தமக்கையார் அதன்பின் நான் இருந்த நாட்களில் எடுக்கவில்லை. பருத்தி விரிப்புக் கேட்டபோது நல்லதாகவே ஒன்றைத் தெரிந்து கொடுத்தார்.

அவ்விரண்டு செயல்களையும் நான் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கை அசைவு ஒன்றே, கரண்டியும் ஒன்றே. பையனின் கடதாசியிலே ஏப்ரல் 15 என்ற நாள் இருந்தது. குளிர் எத்துணைக் கடுமையாயினும் அந்நாள் வரும் என்பதற்குச் சூரியனே பிணை. பேரனாருடைய சுவரிலோ கோட்டின் கீழ் வெற்றிடமே இருந்தது. அதற்குப் பிணை நிற்பார் ஒருவருமில்லை. அவ்வாறிருந்தும் அவர் அதே நிதானத்தோடு, அதே வரிசையில், ஒன்றையும் விடாது செய்தார். நம்பிக்கை என்பதை நாம் பெரும்பாலும் மனத்தின் ஒரு நிலையாகவே பேசுகிறோம். தந்தையாரிடம் அது ஒரு கைவேலையாக இருந்தது. அந்நாட்களில் அவர் நம்பிக்கையோடு இருந்தாரா என்று இன்று எவரேனும் என்னைக் கேட்டால், அவருடைய மனத்தைப் பற்றி நான் சாட்சி சொல்ல இயலாது. பிளக் துளையிலே ஒயில் விட்டார் என்பதற்குச் சாட்சி சொல்வேன்.

நமது நாட்டிலே பனி பெய்வதில்லை; ஆகவே இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று வாசகர் எண்ணலாகாது. குளிர் செய்யும் வேலையை இங்கே ஈரமும் உப்புக்காற்றும் செய்கின்றன. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடக்கிலும் கிழக்கிலும் பெய்யும் மாரி, முற்றத்திலே நிற்கும் வண்டியை எளிதிற் கெடுத்துவிடும். கடலை அண்டிய ஊர்களில் அரிப்பு இன்னும் விரைவானது. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டினால் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் அசையாது நின்றன. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்லும் பெற்றோரின் வண்டிகளும் மூன்று மாதம், ஆறு மாதம் நிற்கின்றன.

அத்தகையோர் செய்யத்தக்கவை சிலவே. சேறு போகக் கழுவி உலர்த்துக. ஒயிலை மாற்றுக. காபரேற்றர் உள்ள வண்டியாயின் அதன் கிண்ணத்தை வடித்துவிடுக. செயினுக்கு ஒயில் இடுக. பற்றரியின் இணைப்பைக் கழற்றுக. நடுத்தாங்கியில் நிறுத்தி, காற்றுப் புகும் துணியால் மூடுக. பெற்றோலைப் போத்தல்களிலும் கலன்களிலும் வீட்டுக்குள் சேமித்து வைத்தல் ஆகாது. அது பழுதடைவது மட்டுமன்றி வீட்டையே எரிக்கவும் கூடும். அயல்வீட்டுப் பையனிடம் திறப்பைக் கொடுத்து, கிழமைக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடவிடும்படி சொல்லிச் செல்வது நம்மிடையே பரவலான வழக்கம். அதனினும், அவன் அரை மணி நேரம் தெருவில் ஓட்டிவரட்டும். அன்றேல் வண்டியைத் தொடாது விடட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரின் விரிவும், அமிலத்தின் அடர்த்தியும், தகனத்தின் விளைவுகளும் பரீட்சைக்காக மனனஞ் செய்யப்படுபவை என்று கருதாதீர்கள். உங்கள் வீட்டிலே தகப்பனாரோ பேரனாரோ ஒரு பொருளைத் துடைத்து எண்ணெய் பூசி எடுத்துவைக்கும்போது அருகே சென்று நில்லுங்கள். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குச் சமன்பாடு தெரியாதிருக்கலாம், காரணம் தெரிந்திருக்கும். நீங்கள் கற்ற சமன்பாட்டை அவர்களுடைய காரணத்தோடு பொருத்திப் பார்த்தால், இரண்டும் உங்கள் நினைவில் நிலைக்கும்.

சென்ற ஆண்டு சித்திரையில் மருமகனிடமிருந்து ஒரு படம் வந்தது. விரிப்பு நீக்கிய வண்டி. அதன்மேல் அந்தக் கடதாசி. எட்டு வரிகளும் ஒவ்வொன்றாகக் கோடிட்டு அழிக்கப்பட்டிருந்தன. தலைப்பிலிருந்த திகதியின் கீழே ஒரு கோடு இழுத்து, அதன் கீழே, வண்டி முதலுதையில் இயங்கிய அன்றைய திகதியை எழுதியிருந்தான்.